பாக்கியம் அக்கா பயந்த ஊர்

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த அன்னபாக்கியம் அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. அவள் முகத்துக்கு நேராகவே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன் என்பதால் இங்கே எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை. அப்போதெல்லாம் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "ஆமா ஜுமைலா, கர்த்தர் என்னை அப்படித்தான் படைச்சிருக்காரு" என்பாள். பிறகு கதவின் மேல் தாழ்ப்பாள், நடுத் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் மூன்றையும் இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பாள்.

அக்காவும் அவள் வீட்டுக்காரர் செல்லதுரை அண்ணாச்சியும் எழுபத்தெட்டில் வந்தார்கள். சாத்தான்குளம் பக்கத்துக்காரர்கள். அங்கே உள்ள ஒரு சிறிய ஊழியச் சங்கம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகளை வெளியூருக்கு மிஷன் ஊழியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். வாட்டசாட்டமான ஆள், வாயைத் திறந்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். கொச்சியில் சுமை தூக்குகிற தமிழர்களுக்கும், கிட்டங்கி என்கிற சரக்குக் கிடங்குகளில் சுக்கும் மிளகும் புடைக்கிற தமிழ்ப் பெண்களுக்கும் தமிழில் ஒரு ஆராதனை வேண்டும் என்று சங்கத்தார் சொன்னதும் இவர் கையைத் தூக்கிவிட்டார். அக்காவை யாரும் கேட்கவில்லை. "என்னைக் கேட்டிருந்தா நான் தூத்துக்குடிக்கு எம்மவன் வீட்டுக்குத்தான போயிருப்பேன்" என்று வந்த முதல் வாரமே என்னிடம் சொன்னாள். மகன் துரைசிங் அங்கே துறைமுகத்தில் குமாஸ்தா. ஒரே பிள்ளை.

நான் பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண், மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் வீட்டுக்காரர் அபூபக்கர் வீட்டின் கீழ்ப்பகுதியில் சாக்குக் கடை வைத்திருந்தார். ஒரு கிறிஸ்தவ உபதேசிக்கு வீடு கொடுக்கிறீரே என்று கடைத்தெருவில் யாரோ கேட்டதற்கு, "அவர் வேதம் அவருக்கு, என் வாடகை எனக்கு" என்று சொல்லிவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

அக்காவுக்குக் கொச்சியில் எதுதான் பயமில்லை? மட்டாஞ்சேரியில் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம், வந்தால் தெருவே "வெள்ளம் வந்நு" என்று கூவும். இங்கே தண்ணீருக்குப் பெயர் வெள்ளம் என்பது தெரியாமல், முதல் தடவை அதைக் கேட்டதும் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டுத் தானும் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் குடத்தோடு மாடிக்குப் போனால் இவள் கட்டிலில் வேதாகமத்தைத் திறந்து சங்கீதம் படித்துக்கொண்டிருக்கிறாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அடுத்தது கொசு. அந்தக் காலத்தில் கொச்சி என்றாலே யானைக்கால் என்பார்கள். யாரோ அதைச் சொல்லிவைக்க, துரைசிங் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த பழைய காலுறைகளை ஊரிலிருந்து வரவழைத்து, சேலைக்குக் கீழே இரண்டு காலிலும் முழங்கால்வரை மாட்டிக்கொண்டாள். வேர்த்து ஊற்றினாலும் கழற்ற மாட்டாள். எறணாகுளத்துக்குப் படகில் போனால் கண்ணை மூடிக்கொண்டு பலகையைப் பிடித்துக்கொள்வாள், இறங்கியபின் கையை விரிக்கவே நேரமாகும். பந்த் நாளில் ஜன்னலைக்கூடத் திறக்க மாட்டாள்.

அண்ணாச்சி இதற்கெல்லாம் நேர் எதிர். காலையில் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு ஜெபம் முடித்து வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினால், கிட்டங்கி கிட்டங்கியாக ஏறி இறங்குவார். ஊரிலிருந்து கடுதாசி வந்திருந்தால் படித்துச் சொல்வார், ஆஸ்பத்திரியில் கிடப்பவனுக்குக் கஞ்சி கொண்டுபோவார், குடித்துவிட்டு வேலைக்கு வருபவனை எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டுவார். ஞாயிற்றுக்கிழமை பின்தெருவில் ஒரு கொட்டகையில் ஆராதனை. அக்கா அன்றைக்கு மட்டும் வெளியே வருவாள். அதுவும் அண்ணாச்சியின் நிழலை மிதித்துக்கொண்டே போவாள்.

இந்தப் பயமெல்லாம் எனக்கு விளையாட்டாகத்தான் இருந்தது. செல்லப்பாவின் சாவுக்குப் பிறகு விளையாட்டாக இல்லை.

செல்லப்பா சுமை தூக்குகிறவன், கொட்டகைக்குத் தவறாமல் வருவான். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நாலைந்து நாளில் போய்விட்டான். அவனைப் புதைப்பதற்கு எங்கே இடம்? இங்கே பள்ளி என்றால் மாதா கோயிலும்தான், ஒவ்வொரு பள்ளிக்கும் சொந்தச் செமித்தேரி உண்டு, அது அந்தந்தப் பள்ளியில் பெயர் உள்ளவர்களுக்கு. இவர்களோ கொட்டகைக்காரர்கள், நேற்று வந்த தமிழர்கள். கல்லறைத் தோட்டம் என்று இவர்களுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. கடைசியில் பெட்டியை உந்துவண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே இருந்த பொது இடுகாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்காவும் போனாள், செல்லப்பாவின் பெண்சாதிக்குத் துணையாக.

கொச்சி மண்ணைத்தான் தெரியுமே, மழைக்காலத்தில் முழங்கால் ஆழம் தோண்டினால் நீர் ஊறும். குழி நிறையத் தண்ணீர். பெட்டியை இறக்கினால் மிதந்தது. இரண்டு பேர் மூங்கிலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் சேற்றை அள்ளித் தள்ளினார்கள். அழுத்திய கை சற்றுத் தளர்ந்தாலும் பெட்டி மேலே வந்ததாம்.

திரும்பி வந்த அக்கா என் அடுப்படியில் உட்கார்ந்தாள்.  சாயா கொடுத்தேன், குடிக்காமல் கீழே வைத்தாள்.

"ஜுமைலா, உங்க அண்ணாச்சிக்கு நெஞ்சுல வலி இருக்கு" என்றாள்.

"யாரு சொன்னது?"

"அவங்க சொல்லல. மாடிப்படி ஏறி வந்து நெலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்காங்க. நான் பாத்தா சட்டைப் பித்தானைத் தடவுத மாதிரி பாவனை பண்ணுதாங்க. நாப்பது வருசம் கூட இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க."

"சொன்னா வைவாங்க. அவங்களுக்கு இங்கன ஒண்ணு ஆயிட்டா நான் எங்கன வைப்பேன்? தண்ணிக்குள்ளயா வைப்பேன்? மூங்கிலை வச்சு அமுக்குவாங்களா?"

  அதற்குப் பிறகு அக்காவுக்கு மற்ற பயங்கள் எல்லாம் சில்லறைப் பயங்கள் ஆகிவிட்டன. அண்ணாச்சி படியிறங்கும்போது ஜன்னலில் நிற்பாள், திரும்பி வரும்வரை ஜன்னலில்தான். அவர் வருகிற சத்தம் கேட்டுத்தான் சோற்றை வடிப்பாள். டிரங்குப் பெட்டியின் அடியில் அவருக்கு ஒரு வெள்ளை வேட்டியும் சட்டையும் துவைத்து மடித்து வைத்திருந்தாள். 

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் அது நடந்தது. என் தங்கைக்குப் பிரசவமாகி நான் ஆலுவாவில் இருந்தேன். என் வீட்டுக்காரர் சாக்கு எடுக்கக் களமசேரிக்குப் போயிருந்தார். வீட்டில் அக்கா மட்டும்தான்.

முற்பகலில் கடைத்தெருவில் உந்துவண்டி தள்ளுகிற பிச்சைமணி ஓடி வந்திருக்கிறான். பிச்சைமணி தமிழன் என்றுதான் பெயர், பிறந்து வளர்ந்ததெல்லாம் மட்டாஞ்சேரி, அவன் பேச்சில் எது தமிழ் எது மலையாளம் என்று அவனுக்கே தெரியாது. கீழே தெருவில் நின்றபடியே மாடியைப் பார்த்துச் சொன்னான்:

"அம்மச்சீ, உபதேசி வீணு போயி. அடக்கயில கிடத்தியிருக்கு. ஒண்ணும் பேடிக்கண்டா."

சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடிவிட்டான்.

பாக்குக்கு இங்கே அடக்க என்று பெயர். கடைத்தெருவில் வெறுமே அடக்க என்றால் பாக்குக் கிட்டங்கி. அண்ணாச்சி கிட்டங்கியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார், பாக்கு மூட்டைகளின் மேல் அவரைப் படுக்கவைத்திருக்கிறார்கள், பயப்பட வேண்டாம். அவ்வளவுதான் செய்தி. ஆனால் அக்காவுக்குத் தெரிந்த அடக்கம் ஒன்றே ஒன்று. அவர்கள் ஊரில் ஒருவர் இறந்தால் அடக்கம் பண்ணுவார்கள், அதற்கு அடக்க ஆராதனை நடக்கும். நாங்கள் சாவை மவுத் என்போம், பிணத்தை மையத்து என்போம், அடக்க என்ற சொல் எங்கள் வீட்டுப் பெண்கள் காதில் விழுந்திருந்தால் பாக்கென்றுதான் படும், சாவென்று படாது. அக்கா காதிலோ 'அடக்க', 'கிடத்தியிருக்கு' என்ற இரண்டும் சேர்ந்து விழுந்தன. வருஷம் முழுக்க அவள் எதற்குப் பயந்துகொண்டிருந்தாளோ, அதை ஒருவன் தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நான் மதியத்துக்குப் பிறகு படகிறங்கி வந்தேன். வாசலிலேயே சோறு கருகிய வாடை. மாடிக்குப் போனால் மூன்று தாழ்ப்பாளும் திறந்து கிடக்கின்றன.  அந்தக் கதவு திறந்திருந்து நான் பார்த்ததே இல்லை. அடுப்பில் பானை கரியாகியிருந்தது. டிரங்குப் பெட்டி வாயைத் திறந்து கிடந்தது, அடியில் வைத்திருந்த வேட்டி சட்டையைக் காணோம்.

கீழே குழாயடியில் மூக்கம்மாள் நின்றாள், சுக்குக் கிட்டங்கியில் புடைக்கிறவள். "அக்கா எங்கே?" என்று கேட்டேன்.

"அடக்கம் பண்ணிட்டாங்க, எனக்குக் காட்டாம அடக்கம் பண்ணிட்டாங்கன்னு சொல்லிக்கிட்டே ஓடினாங்க. காலுல செருப்பில்ல, அந்தக் காலுறை மட்டும். யாரைன்னு கேட்டேன், அவங்களைத்தான்னாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எந்தப் பக்கம் போனாங்கன்னுகூட பாக்கல."

அல்லாவே, அண்ணாச்சி போய்விட்டாரா? ஒரு நாள்தானே நான் ஊரில் இல்லை. அதற்குள் செத்து, அதற்குள் புதைத்துமா விட்டார்கள்? முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினேன். எதிரில் வந்த முதல் சுமைகாரனைப் பிடித்து, "உபதேசி எவிடே?" என்று கேட்டேன்.

"அடக்கயிலுண்டு" என்று கையைக் காட்டினான்.

கை காட்டிய இடம் பாக்குக் கிட்டங்கி. எனக்குத் தலையில் அடித்தது போல எல்லாம் விளங்கிவிட்டது. அண்ணாச்சி இருக்கிறார் என்று ஒரு மூச்சு விட்டேன். ஆனால் அக்கா? மொழி தெரியாது, வழி தெரியாது, தனியாக ஒரு தெருவைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்டவள் புருஷன் செத்துவிட்டான் என்ற நினைப்போடு காலையிலிருந்து மழையில் எங்கேயோ அலைந்துகொண்டிருக்கிறாள்.

கிட்டங்கிக்குள் அண்ணாச்சி மூட்டைகளின் மேல் சாய்ந்து கிடந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார். நாள் முழுக்க அசையக் கூடாது என்று சொல்லியிருந்தாராம். பிச்சைமணி ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார்.

"வாங்கம்மா. பாக்கியத்துக்கிட்ட ஒண்ணும் சொல்லிராதிய. பயந்துருவா."

"அவங்களுக்கு நான் அப்பவே சொல்லியே" என்றான் பிச்சைமணி.

"என்ன சொன்னே? அப்படியே சொல்லு" என்றேன்.

அவன் அப்படியே சொன்னான். அண்ணாச்சிக்கும் விளங்கிவிட்டது. சாத்தான்குளத்துக்காரர்தானே, அந்தச் சொல் அங்கே எப்படிக் கேட்கும் என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அன்றுதான். மூட்டையிலிருந்து காலைக் கீழே போட்டார், கால் நிற்கவில்லை, சரிந்தார்.

"என்னைக் கொண்டு போங்கம்மா. அவ தனியா இருக்கா. கொண்டு போங்க."

டாக்டர் சொன்னதை நான் திரும்பச் சொன்னேன். கேட்கிற ஆளாக இல்லை. என் கையைப் பிடித்த பிடி வலித்தது. பிச்சைமணியும் இன்னொருவனும் உந்துவண்டியில் சாக்கை விரித்து அவரைப் படுக்கவைத்தார்கள். மழை படாமல் மேலே ஒரு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நான் கூடவே நடந்தேன். கடைத்தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் மயானத்துக்குப் போகிற வண்டி என்று நினைத்து ஒதுங்கினார்கள், சிலர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அண்ணாச்சி தார்ப்பாய்க்குள்ளிருந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார்.

முதலில் படகுத்துறைக்குத்தான் போனேன். தண்ணீரில் ஏதும் செய்துகொண்டிருப்பாளோ என்று எனக்குப் பயம். தண்ணீரைப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை. டிக்கெட் கொடுக்கிறவர் அப்படி ஒரு அம்மாவைப் பார்க்கவில்லை என்றார். அதன்பின் ஒரு பள்ளியின் செமித்தேரி. வாசலில் கபியார், அதுதான் கோயில்பிள்ளை, நின்றிருந்தார். "ஒரு தமிழத்தி வந்து, புது மண்ணு, புது மண்ணுன்னு சோதிச்சு. எனிக்கு ஒண்ணும் மனசிலாயில்லா" என்றார். அப்படிக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்து ஒவ்வொரு கல்லறையாகக் குனிந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாளாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு இந்த ஊரில் தெரிந்த இடுகாடு ஒன்றுதானே, செல்லப்பாவைப் புதைத்த இடம்.

அங்கே போய்ச் சேர்ந்தபோது மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. இடுகாட்டில் ஆள் இல்லை. கோடியில், யாரையோ முதல் நாள் புதைத்த ஒரு மண்மேடு. அதன் பக்கத்தில் அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். காலுறை முழுக்கச் சேறு. அந்த வெள்ளை வேட்டியையும் சட்டையையும் மேட்டின் மேல் விரித்து, காற்றில் பறக்காமல் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. மண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை, அழவும் இல்லை, வீட்டில் சண்டை போடுகிற அதே குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"சட்டையைக்கூட மாத்தாம வச்சிட்டாங்களே. நான் வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா? நெஞ்சு வலிக்கின்னா வலிக்கின்னு சொல்லணும். நான் என்ன வேத்தாளா? உள்ள தண்ணி இருக்கா? சொல்லுங்க. தண்ணி இருக்கான்னு கேக்கேன்."

 பிச்சைமணி வண்டியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். தான் சொன்ன ஒரு சொல் இங்கே வந்து நிற்கிறது என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அண்ணாச்சி வண்டியில் எழுந்து உட்கார்ந்தார். "ஏ பாக்கியம்" என்றார். கம்மிய குரல்.

"இருங்க" என்றாள் அக்கா, மேட்டைப் பார்த்தபடியே. "நான் இன்னும் சொல்லி முடிக்கல."

 மண்ணுக்குள்ளிருந்து அவர் கூப்பிட்டதாகவே அவள் எடுத்துக்கொண்டாள். பயந்தாங்கொள்ளி பாக்கியம் அக்கா அதற்குப் பயப்படவில்லை.

"ஏ பாக்கியம், இங்க பாருட்டி. நான் இங்கன இருக்கேன்."

திரும்பினாள். பார்த்தாள். எழுந்து வர முயன்று சேற்றில் வழுக்கி, கையை ஊன்றி, தவழ்ந்த மாதிரியே வண்டிவரை வந்தாள். முதலில் அவர் பாதத்தைப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். அதன்பிறகுதான் அவளுக்கு நடுக்கம் வந்தது. பல் கிட்டிக்கொண்டு, பிச்சைமணியும் நானும் சேர்ந்து பிடித்தும் நிற்காத நடுக்கம். அது சற்று ஓய்ந்ததும் அவர் தோளில் மடார் மடாரென்று அடித்தாள். நெஞ்சு வலிக்காரர், அடிக்காதே என்று நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வண்டி புறப்படும்போது, "அப்ப அது யாரு?" என்று அந்த மேட்டைக் காட்டிக் கேட்டாள். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. "யாரோ ஒரு ஆளு" என்றான் பிச்சைமணி. அக்கா மேட்டுக்குத் திரும்பிப் போய்ச் சட்டையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். வேட்டியையும் சட்டையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் கஞ்சி கொடுக்கப் போனபோது அண்ணாச்சி கட்டிலில் இருந்தார், அக்கா தரையில். அண்ணாச்சிதான் பேச்சை எடுத்தார், எனக்காக இல்லை, அவளுக்காக.

"சங்கத்துக்குச் சொல்லி அனுப்பிருதேன் பாக்கியம். ஊருக்குப் போயிருவோம். எனக்குப் பயமா இருக்கு. முதல்லேர்ந்தே பயம்தான். நான் பயந்தா நீ எப்படி இருப்பேன்னுதான் சத்தம் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்."

 அக்கா உடனே சரி என்பாள், மூட்டை கட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் காலுறையைச் சரிசெய்துகொண்டே யோசித்தாள்.

"வழியில ரயிலுல வச்சு வலி வந்துச்சின்னா? எந்த ஸ்டேசன்ல எறக்குவாங்க? அங்கன யாரைத் தெரியும் நமக்கு? இங்கன ஜுமைலா இருக்கா. பிச்சைமணி வண்டி வச்சிருக்கான். எங்கன வைப்பாங்கன்னும் பாத்தாச்சு. நான் வரல."

"துரைசிங்கு..."

"நான் வரலைன்னு சொல்லுதேன்லா. ஒண்ணு மட்டும், இனிமே நான் இல்லாம நீங்க வாசப்படி தாண்டக் கூடாது."

தைரியம் வந்து சொன்ன பேச்சில்லை இது. ரயிலுக்குப் பயந்து, அறியாத ஸ்டேஷனுக்குப் பயந்து, ஏற்கெனவே பயந்து முடித்த ஊரே மேல் என்று சொன்னாள். ஆனால் சொன்னபடி செய்தாள். உடம்பு தேறி அண்ணாச்சி மறுபடி வெளியே போகத் தொடங்கியதும், காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு அக்காவும் பின்னால் நடந்தாள். சுக்குக் கிட்டங்கி, மிளகுக் கிட்டங்கி, ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் போனாள். படகில் கண்ணை மூடிக்கொண்டு எறணாகுளத்துக்கும் போனாள். அண்ணாச்சி ஆண்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போது இவள் சுக்குப் புடைக்கிற பெண்களோடு தூசியில் உட்கார்ந்திருப்பாள். அவர்களும் பயந்தவர்கள்தான், வீட்டில் அடி வாங்குகிறவர்கள், வேலை போய்விடும் என்று நடுங்குகிறவர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரிடம் சொல்வது என்று தெரியாதவர்கள். அண்ணாச்சியிடம் சொல்லாததை எல்லாம் இவளிடம் சொன்னார்கள். பயந்தவர்களுக்குப் பயந்தவள்தான் தோது போலிருக்கிறது. கொட்டகையில் பெண்கள் பக்கம் பாய் போதாமல் என்னிடம் பழைய சாக்கு கேட்டு வாங்கிப்போனாள். பிச்சைமணிக்கு ஒரு உத்தரவும் போட்டாள். "எங்கிட்ட பேசும்போது பாக்குன்னு சொல்லணும். அந்தப் பேச்சு வேண்டாம்." அவன் அதற்குப் பிறகு பாவம், கடைத்தெரு முழுக்கப் பாக்கு என்றே சொல்லித் திரிந்தான்.

எண்பத்துமூன்றாம் வருஷம் பங்குனி மாதம், நல்ல வெயில் காலத்தில் அண்ணாச்சி போய்விட்டார். மத்தியானச் சாப்பாடு முடித்து நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அக்கா கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். படியிறங்கி வந்து என் கதவைத் தட்டி, "அண்ணாச்சி போயிட்டாங்க ஜுமைலா. கூட வாரியா, எனக்கு மாடிக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு" என்றாள். போனேன். அவரைக் குளிப்பாட்டிச் சட்டை மாற்றும்வரை என் முந்தானையை விடவே இல்லை.

மகன் துரைசிங் மறுநாள் வந்து சேர்ந்தான். சுமை தூக்குகிறவர்கள் அத்தனை பேரும் கிட்டங்கி வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். பெட்டியை வண்டியில் வைக்க அவர்கள் சம்மதிக்கவில்லை, தோள் மாற்றித் தோள் மாற்றியே கொண்டுபோனார்கள். நானும் போய் வேலிக்கு வெளியே நின்றேன். பெட்டியை இறக்கும் முன்னால் அக்கா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். குழியோரம் மண்டியிட்டு, பிச்சைமணி அவளைப் பிடித்துக்கொள்ள, கையை உள்ளே விட்டுப் பக்கத்து மண்ணைத் தடவிப் பார்த்தாள். கையை எடுத்து விரலைத் தேய்த்தாள். பொடியாக உதிர்ந்தது. "காய்ஞ்சிருக்கு, இறக்குங்க" என்றாள்.

துரைசிங் ஒரு வாரம் இருந்தான். நல்ல பிள்ளை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருந்தான். டிரங்குப் பெட்டியை அவனே அடுக்கிக் கட்டினான். புறப்படுகிற அன்று அக்கா கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் வழிச்சோறு கட்டிக்கொண்டு மேலே போனபோது அவன் அவள் முன்னால் உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"ராத்திரி தனியாப் படுக்கவே மாட்டியளேம்மா. கொசுவுக்குப் பயம், படகுக்குப் பயம். இங்க யாரு இருக்கா உங்களுக்கு? பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. "எங்க போனாலும் எனக்குப் பயமாத்தான் இருக்கும். இங்கன உங்கப்பா இருக்காங்க."

 துரைசிங் எழுந்து, பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.